பரிசீலனையில் உள்ளது

கடலூர், 14.6.2010

அன்பு மகளுக்கு,

பூமி சூடேறிக் கடல் ஊருக்குள் வருகிறது என்று நீங்கள் கல்லூரி மாணவிகள் எங்கள் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மூன்று மனுக்களுக்கும், "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் தட்டச்சு செய்தவன் நான்தான். சிதம்பரம் விடுதியிலிருந்து நீ வீட்டுக்கு வந்து மாதங்கள் ஆகின்றன. காரணம் கேட்கமாட்டேன்.

சென்ற வாரம் ஞாயிறன்று, உங்கள் மனுவில் இருந்த அந்த மீனவர் குப்பத்துக்குப் போனேன். ஆரோக்கியம்மாள் என்பவர் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தார். உப்பு, விழுங்க முடியவில்லை.

"தெனம் இதான் சார் குடிக்கிறோம். நீங்க பரிசீலன பண்ணி முடிக்கறதுக்குள்ள கடலு வூட்டுக்குள்ள வந்துடும்" என்றார்.

மறுநாள் கோப்பில், "கடல் ஏறுகிறது, உடனே நடவடிக்கை தேவை" என்று குறிப்பு எழுதினேன்.

"மேல கேக்காதத ஏன்யா எழுதுற? அடிச்சிடு" என்றார் அதிகாரி.

அடிக்கவில்லை. இன்று மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை.

நான்காவது மனு எழுதுவாய் அல்லவா? கையெழுத்துப் போட என்னையும் கூப்பிடு.

உன் அப்பா