சமமாக வெட்டிய சீட்டுக்கட்டு

எல்கடுவ,
ஞாயிறு காலை

என் தங்கம் தினுஷாவுக்கு அம்மா எழுதுவது. முத்துமாரி புண்ணியத்தில் நானும் அப்பாவும் மூன்று வேளை சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த டோஹா வெயிலில் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து லவுட்ல போடு என்பார், எனக்கு ஒளித்துப் பேசத் தெரியாது, இந்த வீட்டில் ஒளியவும் இடமில்லை. இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். பக்கத்து வீட்டு ஸில்மியாவின் புருஷன் ஸஜ்ஜாத் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப்போடு.

இங்கே மழை விட்டபாடில்லை, காயப்போட்ட மிளகு பூசணம் பிடித்துவிட்டது, பாடசாலை திறக்கப் போவதால் யூனிபார்ம் தையல் தலைக்கு மேல் கிடக்கிறது. அப்பாவுக்குக் கை நடுக்கம் கூடியிருக்கிறது, கண்டி கிளினிக்கில் மாத்திரையைக் கூட்டித் தந்தார்கள். அக்டோபரில் ஆசிரியர் தின விழாவில் அப்பாவின் மெஜிக் பிழையாகிப்போனது உனக்குத் தெரியும். ஏன் என்று நீ கேட்டபோது நோய்தான் காரணம் என்று சொன்னேன். அன்றைக்குப் பிழைத்ததற்கு நோய் காரணம் இல்லை மகளே, நான்தான் காரணம், என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்பாவின் சீட்டு வித்தை உனக்குத் தெரியுமே, யாராவது ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பார்கள், அப்பா கண்ணைக் கட்டிக்கொண்டு அதே சீட்டை உருவி எடுப்பார். கலியாணம் கட்டி முப்பத்தொரு வருஷம், அது எப்படி என்று எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. கடைச் சீட்டை வாங்கி வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து பிளேட்டால் வெட்டுவார், நான் தேத்தண்ணி கொண்டுபோனால் சீட்டைக் கவிழ்த்துவிடுவார். ஆசிரியர் தினத்துக்கும் அப்படித்தான், கை நடுங்க நடுங்க இரண்டு கிழமை உட்கார்ந்து ஒரு கட்டு வெட்டினார். விழாவுக்கு முதல் நாள் மனுஷன் கிளினிக்குக்கும் முடி வெட்டவும் போன நேரத்தில் மேசையைத் துடைக்கப் போன நான் அந்தக் கட்டை எடுத்துப் பார்த்தேன். சீட்டெல்லாம் கோணல். ஒரு முனை அகலம், மறு முனை ஒடுக்கம். பாவம், கை நடுங்கி இப்படிக் கோணிப் போயிருக்கிறதே, நாளைக்கு அத்தனை பேர் முன்னால் யாராவது பார்த்து இளக்காரமாகச் சொல்லிவிட்டால் என்று, துணியில் நூல் பிடித்து வெட்டுகிற என் கண்ணை நம்பி, அவர் வருவதற்குள் ஐம்பத்திரண்டு சீட்டையும் நேராக வெட்டிச் சமமாக்கி அதே பெட்டியில் வைத்துவிட்டேன். அவரிடம் சொன்னால் வெட்கப்படுவார் என்று சொல்லவுமில்லை.

அந்தக் கோணல்தான் வித்தையாம் மகளே! எல்லாச் சீட்டும் ஒரே முனையில் அரை மில்லிமீட்டர் ஒடுக்கமாக இருக்க வேண்டும். ஆள் சீட்டைப் பார்க்கிற நேரம் அப்பா கையிலிருக்கும் கட்டைத் திருப்பிப் பிடித்துவிடுவார், அந்த ஒரு சீட்டு மட்டும் தலைமாறி உள்ளே போகும், அதன் அகல முனை ஓரத்தில் மயிரிழை அளவு நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். நான் சமமாக்கிய கட்டில் எது நீட்டும்? லோஜனா டீச்சர் வைத்த சீட்டை மூன்று தரம் தேடி மூன்று தரமும் பிழையானதை எடுத்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். பஸ்ஸில் வரும்போது இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, வெரல் செத்துப்போச்சு நல்லம்மா, இனி இந்தக் கை எதுக்கும் ஒதவாது என்றார். வீட்டுக்கு வந்து மெஜிக் கோட்டை அலுமாரியில் போட்டவர் அதற்குப் பிறகு சட்டை பட்டனைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. ஐந்து மாதம் நான்தான் சோறு ஊட்டினேன். உனக்குப் போனில் அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சொன்னதெல்லாம் அந்தச் சாப்பாடுதான்.

போன மாதம் ஒரு பட்டன் தேடி அவருடைய தகரப் பெட்டியைக் கிளறினேன். உள்ளே நாலு பழைய கட்டு, கை நன்றாக இருந்த காலத்தில் வெட்டியவை, நாலும் ஒரே மாதிரிக் கோணல், ஒரே அளவு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மத்தியானம் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாரோ என்றுகூடப் பயந்தேன். அப்பா என் பக்கம் குனிந்து, நெசமாவா, அப்ப என் வெரல் சாகலயா என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார் மகளே, அடி கூறுகெட்டவளே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்குத் தட்டை வாங்கித் தானே பிசைந்து சாப்பிட்டார், பாதி தரையில் கொட்டியது, நான் கூட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு புதுக் கட்டு வெட்டும் வேலை என் தலையில் விழுந்தது. கண்ணாடித் துண்டின் மேல் சீட்டை வைத்து, பிஸ்கட் டின் தகரத்தில் அவர் செய்து வைத்த அச்சை அதன்மேல் அழுத்தி, புது பிளேட்டால் மூன்று தரம் லேசாக இழுக்க வேண்டும், அழுத்தினால் ஓரம் பிசிறும். பிறகு நகவெட்டியால் மூலையை உருட்ட வேண்டும். கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார், பத்துச் சீட்டுக்கு ஒரு பிளேட், பெருவிரலில் மூன்று வெட்டுக் காயம், நாலு நாள் பிடித்தது. அவருக்குக் கொடுக்கும் முன் குசினியில் அடுப்புப் பக்கம் நின்று கண்ணை மூடிக்கொண்டு நானே பார்த்தேன். பத்துத் தரம் போட்டு எடுத்தேன், பத்துத் தரமும் என் விரல் கண்டுபிடித்தது. சந்தோஷத்தில் ஓடிப்போய்க் கையில் கொடுத்தேன்.

அவருக்கு அகப்படவில்லை. ஏழு தரம் தடவினார். அந்தச் சீட்டின் மேலேயே விரல் போகிறது, போய்த் தாண்டுகிறது, வெட்டிய என் கண்ணுக்கு மட்டும் அது தெரிகிறது. ஐந்து மாதத்தில் நோய் விரலுக்கும் வந்துவிட்டது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார் பார், அந்தப் பார்வையை எப்படி எழுதுவேன். வாயில் வந்ததைச் சொன்னேன், என் வெட்டுத்தாங்க சரியில்ல, அளவு பிசகிருச்சு, வேற கட்டு வெட்டுறேன் என்று. உடனே அதையே பிடித்துக்கொண்டார். இது என்ன பாவாடைத் துணியா, சீட்டு வெட்டத் தெரியாத நீயெல்லாம் ஒரு தையல்காரியா என்று திட்டினார். திட்டிவிட்டுத் தானே சாப்பிட்டார்.

இப்போது ஆறாவது கட்டு வெட்டுகிறேன். ஒவ்வொன்றும் முதல் கட்டைவிட நேர்த்தியாக வருகிறது, ஒவ்வொன்றுக்கும் திட்டு வாங்குகிறேன். போன ஞாயிறு போனில் நீ சொன்னாயே, அங்கே கம்பெனியில் மெஷினால் வெட்டிய மெஜிக் கட்டு விற்கிறது, அப்பாவுக்குப் பார்சலில் போடுகிறேன் என்று. அன்றிலிருந்து பார்சல் பார்சல் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், மெசின் வெட்டு பெசகாதுல்ல நல்லம்மா என்று கேட்கிறார். நீ ஆசையோடு சொன்னது எனக்குத் தெரியாதா. ஆனாலும் அனுப்பாதே மகளே. அதில் என் கை படவில்லை. அதிலும் அவருக்குச் சீட்டு அகப்படாவிட்டால் நான் யார் மேல் பழியைப் போடுவேன்? கடையில் முடிந்துவிட்டது, இனி வராதாம் என்று சொல்லிவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு, ஏசியில் ஈரத்தலையோடு படுக்காதே. நீ நிற்கிற இடமெல்லாம் அந்த முத்துமாரி உனக்குத் துணை இருக்கட்டும், நல்ல மனசோடும் நல்ல கை காலோடும் நூறு வருஷம் இருக்க வேண்டும் என் பிள்ளை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் என் வெட்டைக் குறை சொல்லுவார். ஆமாம் அப்பா, அம்மாவுக்கு ஒன்றும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்று நீயும் சேர்ந்து சொல்லு. எனக்காகப் பரிந்து பேசிவிடாதே.

உன் அம்மா,
மு. நல்லம்மா