நிவேத்யம் ஆகட்டும் என்று காத்திருந்தோம்

என் ராஜி அக்காவுக்கு,

நம் ஆரியசாலைக் கடைக்கு அடுத்த கடைக்காரரின் மனைவிக்கு நேற்று முதல் தடவையாகக் கீமோ. கிளம்புவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இந்தத் தெருவில் இப்போது நான்தான் இதற்கு நிபுணராம். என்ன கொடுமை பார்த்தாயா?

பையில் எல்லாம் எடுத்து வைத்துக் கொடுத்தேன். ஃபைல், மாற்றுத்துணி, வார்டு குளிருக்குப் போர்வை, சார்ஜர், மெத்தென்ற பல் பிரஷ், வாந்தி பிடிக்க மூடி போட்ட சின்ன வாளி. எல்லாம் நீ சொல்லிச் சொல்லி என்னை எடுத்து வைக்கச் செய்தவைதான். கடைசியாகத் தெர்மாமீட்டரை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

“நூறு தாண்டினா வீட்ல இருக்கண்டாம். மாத்திரை போட்டு அமுக்கவும் செய்யாத. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிட்டு கிளம்பு” என்று சொன்னேன்.

“உங்க அக்காவுக்கு என்னாச்சு?” என்று கேட்டாள். பையை இழுத்து மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கீமோ ஏறிய பத்து நாளில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்துக்குப் போய்விடும் என்று நர்ஸ் நம்மிடம் மூன்று முறை சொன்னாள். நீயும் நன்றாகத் தலையாட்டினாய். பிறகு என்ன செய்தாய்? தெருவெல்லாம் பெண்கள் பொங்கல் பானை வைக்கும் ஆற்றுகால் அம்மையின் பொங்காலைக்கு முன்னால் ஒரு கீமோ முடிந்துவிட வேண்டும் என்று நாளைக் கேட்டு வாங்கினாய். நாம் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பொங்காலை சரியாகப் பத்தாம் நாள் வந்தது.

புகை ஆகாது என்று உன்னை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டு, உனக்காக நான் கடை வாசலில் அடுப்பு மூட்டினேன். காலை பதினொரு மணிக்குப் பானை பொங்கியதைச் சொல்ல உள்ளே வந்தேன். நீ தெர்மாமீட்டரைப் புடவைக்கு அடியில் மறைத்தாய். பிடுங்கிப் பார்த்தால் நூற்றொன்று.

“அத்தான்ட்ட சொல்லட்டா?”

“நீ சும்மா இருடி. நிவேத்யம் ஆகட்டு, பின்னெ போலாம். பாதியில எந்திச்சுப் போனா அம்மைக்கு ஆகுமா?”

பாராசிட்டமாலுக்குத் தண்ணீர் கொடுத்தவள் நான். அத்தான் வெளியே பெண்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான். பூசாரி வந்து தீர்த்தம் தெளித்து, பொங்கல் அம்மைக்கு நிவேத்யம் ஆக மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் உனக்கு நடுக்கம் கண்டுவிட்டது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடத் தெருவில் இருந்த அத்தனை பெண்களும் பானையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். காலையில் கேட்டிருந்தாலும் ஒதுங்கியிருப்பார்கள், அக்கா.

உன் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். என் மேல் இருப்பதற்குக் கோபம் என்ற சொல் போதாது.

காய்ச்சல் எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டார். மத்தியானம் என்றேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். அத்தான் இன்றும் அந்த மத்தியானத்தை நம்பிக்கொண்டிருக்கிறார். “நம்ம ஒண்ணும் கொறை வைக்கல கேட்டியா” என்று எனக்கே ஆறுதல் சொல்கிறார். அந்த மூன்று மணி நேரம் உன்னைக் காப்பாற்றியிருக்குமா? யாரிடம் போய்க் கேட்பேன்?

இன்னொரு வீட்டில் யாரும் இப்படிக் காத்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் எல்லோரும் படிக்க இதை எழுதுகிறேன். ஆனால் அத்தான் இதை அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நாளைக் காலை கடை திறப்பதற்கு முன்னால் அவர் எதிரில் உட்கார்ந்து நானே சொல்வேன். அதற்கப்புறம் அவர் என் முகத்தில் முழிக்காமல் போனாலும் சரி. இது உன் மேல் சத்தியம்.

அன்றைக்கு ஒரு நாளாவது உன் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க வேண்டிய
உன் தங்கை,
கோமதி