நடு அறைக்குப் போட்ட பூட்டு

அன்புள்ள திமோத்தி அண்ணனுக்கு,

ஆண்டவர் துணையால் அம்மாவும் நானும் இங்கே சுகம், சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். நம்புகிறோம் என்பது பழக்கத்தில் வந்துவிட்டது, இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அம்மா சொல்லச் சொல்ல உனக்கு எழுதிப் பழகிய கைக்கு "நீ" என்றுதான் வருகிறது, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி, அதில் அனுப்பினால் அம்மா பார்த்துவிடுவார். அவர் தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செரீனா அக்காவின் கணவர் லயனல் அத்தான் நடு அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். அப்பா இறந்து வீட்டுப் பட்டாவில் நம் நால்வர் பெயரும் சமபங்காக ஏறியபோது அம்மா ஆளுக்கோர் இடம் பிரித்தாரே, உனக்கு முன் அறை, அக்காவுக்கு நடு அறை, எனக்குப் பின் அறை, தனக்குச் சமையற்கட்டு என்று. அவர் வளர்ந்த தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒரு பெயருக்கு ஒரு கதவு, இந்த ஈப்போ வீட்டுக்கும் அவருக்கு அதே கணக்கு. அத்தானும் அதை நம்பி, "என் பொண்டாட்டி பங்கு, நான் பூட்டுறேன்லா" என்று பூட்டினார். ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கிறது. அதனால் அம்மா தினமும் மீன் வாங்குகிறார், மீன் நன்றாகத்தான் இருக்கிறது. வீடு மந்திரிக்க வந்த ஃபாதர் நடு அறைக்கு மட்டும் பூட்டின் மேலேயே தீர்த்தம் தெளித்தார்.

அத்தானுக்கு பீடோரில் பர்கர் கடை வைக்க வேண்டுமாம். அறையை விற்கப் பார்த்தார், ஒற்றை அறையை யாரும் வாங்கவில்லை. இப்போது வீட்டையே விற்க வேண்டும் என்கிறார். ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கூரை ஒழுகுமா என்று என்னிடம் கேட்டார். ஒழுகும் என்றேன். ஒழுகாது. நானும் அம்மாவும் அக்கா வீட்டு ஹாலில் படுத்துக்கொள்ளலாமாம். "சின்ன புள்ளைக்கு எதுக்குலா ரூமு, படிக்கிறது ஸ்கூல்லதானே" என்கிறார். அம்மாவோ, "செரீனா வர்றத நிறுத்திட்டா நான் என்னடி செய்வேன், கையெழுத்துப் போட்டுடுறேன்" என்று அழுகிறார்.

பள்ளி விட்டதும் சீருடையோடு நில அலுவலகம் போய், என் அறை எது என்று கேட்டேன். முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மா, "அடேக், பட்டாவில் அறையே கிடையாது" என்று சிரித்தார். வீட்டின் ஒவ்வோர் அங்குலமும் நால்வருக்கும் சொந்தமாம், இந்தக் குளியலறைகூட. அதனால் ஒருவர் மற்றவரைப் பூட்டி வெளியே வைக்க முடியாதாம். முழு வீட்டையும் விற்க எல்லாரும் சம்மதிக்க வேண்டும், எனக்கு இன்னும் பதினெட்டு ஆகாததால் என் பங்குக்கு நீதிமன்ற அனுமதியும் வேண்டும். ஆனால் அக்கா தன் பங்கை மட்டும் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். வாங்குகிறவரும் நம்மைப் போலவே எல்லா அறைக்கும் சொந்தக்காரர் ஆகிவிடுவார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீ ஏற்கெனவே சரி சொல்லிவிட்டாய் என்று அத்தான் சொல்கிறார். உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் பயம். அக்காவின் பங்கை நீயே வாங்கிக்கொள், அவளுக்கும் கடை கிடைக்கும். பங்கு போனாலும் அவள் வந்தால் நடு அறையிலேயே படுக்கட்டும் என்று நீ சொன்னால் அம்மா நம்புவார், நான் சொன்னால் நம்பமாட்டார். அம்மாவைக் கூப்பிட்டுச் சொல், நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே.

மழையில் நனையாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்திருக்கட்டும். மாதக் கடைசியில் அத்தான் விற்பனைப் படிவங்களோடு உன்னைத் தேடி வருகிறார். நல்ல சாப்பாடாக வாங்கிக் கொடு, பேருந்து நிலையம் வரை கூடப் போய் ஏற்றிவிடு. கையெழுத்து மட்டும் போடாதே.

உன் அன்புத் தங்கை,
ட்ரேசி