தட்டிய கை

எர்ஜிஷ்
9 அக்டோபர் 2018

அன்புள்ள நெவ்ஸாத்துக்கு,

நலம். அந்த அணைக்கட்டு வேலை முகாமில் நீங்களும் நலமென்று நம்புகிறேன். கைவலி, பூகம்பம் என்று பேச்சை எடுத்தாலே போனில் சிக்னல் இல்லை என்கிறீர்கள். அதனால் கடிதம்.

வலது கை அப்படியேதான் இருக்கிறது. தோள் முதல் விரல் வரை எரிச்சல். மாவு பிசைய முடியாமல் ரொட்டியைக் கடையில் வாங்குகிறேன். நான்காவது ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. "அப்போ நான் பொய் சொல்றேனா?" என்று டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அவர்தான் வான் நகரில் செவ்தா என்பவரிடம் அனுப்பினார். மனநல மருத்துவர். கோபப்படாதீர்கள்.

"வலி நிஜம்தாம்மா," என்றார் செவ்தா. "கை எப்பவோ ஆறிடுச்சு. மூளைக்குத்தான் சேதி போய்ச் சேரல. அது இன்னும் இடிபாட்டுக்குள்ளயே கிடந்து கத்திக்கிட்டிருக்கு."

கைப் படங்களைக் காட்டி இடதா வலதா என்று கேட்கிறார். கண்ணாடி முன் இடது கையை அசைத்து, வலது கை வலியில்லாமல் அசைவதாகப் பார்க்கச் சொல்கிறார். அது பரவாயில்லை. அடுத்து, அவர் விரல் போகும் பக்கமெல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டே பூகம்ப நாளைச் சொல்ல வேண்டும். அங்கே வாய் அடைத்துக்கொள்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் இன்னொருவரிடம் சொல்ல மனசு வரவில்லை. எழுதட்டுமா?

உங்கள்
ஸுல்ஃபியே

*

அர்த்வின்
2 நவம்பர் 2018

ஸுல்ஃபியேவுக்கு,

கைவலிக்குக் கையைத்தான் பார்க்க வேண்டும். இங்கே மருந்துக்கடையில் நல்ல மாத்திரை கிடைக்கிறது. அனுப்புகிறேன்.

தூண் விழுந்து என் தங்கை ஒரு நொடியில் போய்விட்டாள் என்று நீதான் சொன்னாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஹேலினைப் புதைத்தேன். ஏழு வருடம் ஆகிவிட்டது. கிளறாதே. எனக்கும் களைப்பாக இருக்கிறது.

நெவ்ஸாத்

*

எர்ஜிஷ்
12 டிசம்பர் 2018

அன்புள்ள நெவ்ஸாத்துக்கு,

மாத்திரை வந்தது. தூக்கம்தான் வருகிறது. நீங்கள் வேண்டாம் என்றதை எழுதப் போகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி.

ஹேலின் உடனே சாகவில்லை. மதியம் முதல் பொழுது சாயும் வரை உயிரோடு இருந்தாள். முகம் தெரியவில்லை. கை மட்டும் எட்டியது. வலது கையால் பிடித்துக்கொண்டேன். "அண்ணி, அடுப்புல பால் வெச்சேன், பொங்கி வழிஞ்சிருக்கும். அண்ணன் திட்டப்போகுது," என்றாள். இருவரும் சிரித்தோம். பிறகு தண்ணீர் கேட்டாள். பிறகு, "கையை விட்டுடாதீங்க அண்ணி," என்றாள்.

மேலே காலடிச் சத்தம் கேட்டது. கத்தக் குரல் வரவில்லை. அவள் கையை விட்டுவிட்டு, ஒரு கல்லை எடுத்துக் குழாயில் தட்டினேன். ரொம்ப நேரம் தட்டினேன். திரும்பக் கையை நீட்டியபோது அவள் விரல்கள் என் கையைப் பிடிக்கவில்லை.

விட்டது நான். பயந்துபோய் உங்களிடம் ஒரு நொடி என்று சொன்னேன்.

உங்களுக்கு எழுதுவதற்கு முன்பே செவ்தாவிடம் சொல்லிவிட்டேன். முதல் வாரம் எரிச்சல் கூடியது. மூன்றாம் வாரம் வலது பக்கம் படுத்துத் தூங்கினேன். வலி போகவில்லை. பாதியாகியிருக்கிறது.

ஸுல்ஃபியே

*

அர்த்வின்
20 ஜனவரி 2019

ஸுல்ஃபியே,

படித்தேன். மறைத்துவிட்டாயே என்ற கோபம் இருக்கிறது. போகுமா, தெரியவில்லை.

நீ தட்டியதைக் கேட்டது நான்தான். மீட்புக்காரர்கள் அடுத்த கட்டடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். "உள்ளே யாரோ தட்டறாங்க, நில்லுங்கய்யா," என்று கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். தட்டுவது ஹேலின் என்று நினைத்தேன். ஹேலினாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நீ வெளியே வந்தபோது என் முகம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்துதான் வேலை வேலை என்று ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் பதினைந்து நாள் விடுப்பு. உடம்பில் வலி இல்லாதவர்களையும் அந்த அம்மாள் பார்ப்பாரா, கேட்டு எழுது. என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் எழுத வேண்டாம்.

நெவ்ஸாத்

*

எர்ஜிஷ்
3 பிப்ரவரி 2019

நெவ்ஸாத்துக்கு,

கண்ணெல்லாம் மண், அன்று எதையும் பார்க்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

செவ்தா பார்ப்பாராம். பத்தொன்பதாம் தேதி, செவ்வாய், மூன்று மணி. பேருந்து நிலையத்துக்கு நான் வரமாட்டேன். நேரே செவ்தாவின் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

ஸுல்ஃபியே