‘மா’ன்னு ஒரு எழுத்து

இன்னிக்குக் காலையில கேன்டீன் வேன் மேடவாக்கம் தாண்டறப்ப, புதுசா சேர்ந்த ஆந்திராப் பொண்ணு டிபன் டப்பாவைத் திறந்தா. கோங்கூரா ஊறுகாய் வாசனை. “ஏய், எனக்கு ஒரு வாய்”னு உன் ஜன்னல் சீட்டுப் பக்கம் கையை நீட்டிட்டேன். அங்க நீ எங்க இருக்க? பாத்திரம் கழுவற அம்மா தூங்கிகினு இருந்தாங்க. அவங்க மூக்குல இடிச்சிட்டேன்.

சிறுசேரி கேன்டீன்ல நாம சேர்ந்த புதுசு. சூப்பர்வைசர் எல்லாரையும் “வாம்மா, சீக்கிரம்மா”ன்னு விரட்டுவாரு. ரொட்டி போடற பீகார்காரர் என்கிட்ட ரகசியமா, “இந்த ஆளுக்கு எத்தனை அம்மா?”ன்னு கேட்டாரு. அவங்க பாஷையில மான்னா பெத்தவ. நீ வயித்தைப் பிடிச்சிகினு சிரிச்ச. “எங்க தெலுங்குல மான்னா எங்களுது, வதினா. மா இல்லுன்னா எங்க வூடு.” வதினான்னா அண்ணி, என்னை அப்படித்தான் கூப்பிடுவ. நான் விடுவேனா? “எங்களுக்கு மா புளிச்சா தோசை. உங்களுக்கு மா புளிச்சா வூடே போச்சு”ன்னேன்.

உன் தெலுங்குல எனக்குப் பிடிபட்டது அந்த ஒரு எழுத்துதான். கடைசி மாசங்கள்ல தினம் வேன்ல உங்கண்ணன் போன் பண்ணுவாரு. என் தோள்ல சாஞ்சிகினே பேசுவ. நடுவுல ‘மா’ வந்தா போதும், “இன்னா, உங்க வூட்டுக் கதையா?”ன்னு கிண்டுவேன். “அண்ணன் பொண்ணு கல்யாணம், வதினா”ன்னு சிரிப்ப. நான் வேற, என்ன புடவை கட்டறதுன்னு உன்கிட்டயே யோசனை கேட்டேன்.

அனகாபுத்தூர் வூட்டுலேர்ந்து உன்னை எடுத்துகினு போன அன்னிக்குத்தான் உங்கண்ணன் சொன்னாரு. “டாக்டர் சொன்னதை எல்லாம் அவ வேன்ல வர்றப்பதானே போன்ல பேசுவோம். நீங்க பக்கத்துலதானே இருப்பீங்க?” ரொட்டிக்காரருக்குக் கூடத் தெரியுமாம். உன் பொண்ணு தலையைக் குனிஞ்சிகினு, “உங்களுக்குத் தெரிஞ்சா சிரிக்க மாட்டீங்கன்னு அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க, அத்தை”ன்னா.

எவ்ளோ பெரிய துரோகி நீ! என் காதுக்குப் பக்கத்துலயே உன் சாவைப் பேசிட்டு, என்னைக் கல்யாணத்துக்குப் புடவை தேட வெச்சியே. சிரிக்க மாட்டேன்னு யார் சொன்னா? ஆஸ்பத்திரியில நர்ஸம்மாவையே சிரிக்க வெச்சிருப்பேன். அப்புறம் வராண்டாவுக்குப் போய் அழுதிருப்பேன். எனக்கு ரெண்டும் வரும்டீ. நீ சிரிக்கறதுக்கு மட்டும்தான் என்னைச் சேத்துகின.

மன்னிச்சிட்டேன்னு எழுத இன்னும் மனசு வரல. ஆனா அந்த ஆந்திராப் பொண்ணுகிட்ட தினம் நாலு வார்த்தை தெலுங்கு கத்துக்கறேன். சாயங்காலம் அவ ரொம்ப நேரம் போன்ல பேசிகினு வந்தா. பாதிதான் புரிஞ்சது. சிரிச்சிகினேதான் போனை வெச்சா.

“யாருக்கு உடம்பு சரியில்ல?”ன்னு கேட்டேன்.

என் மூஞ்சியையே பார்த்தா. அப்புறம் சொல்ல ஆரம்பிச்சா. குரோம்பேட்டை வர்ற வரைக்கும் நான் ஒரு கிண்டல்கூடப் பண்ணல.