எங்கள் தெரு டாக்டர்

வாடிப்பட்டி
20.1.2025

பிரியமுள்ள தம்பி சீதாராமனுக்கு,

மருது எழுதுவது. இங்கே நானும் ராமக்காளும் சுகம். அங்கே நீயும் பத்மாசினியும் சுகமாக இருக்க வேண்டும்.

போன் இருக்க எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். நீ கண்டக்டராக வெளியே காற்று வாங்கினாய், நான் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தொலைத்தேன். ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கும். மருமகளுக்கும் கேட்கும். இது அப்படிப் பேசுகிற விஷயம் இல்லை.

ராத்திரியெல்லாம் ஒன்றுக்குப் போக எழுந்திரிக்கிறேன். போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. இங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்துவிட்டு, புராஸ்டேட் சுரப்பியில் ஏதோ கோளாறு, பெரிய டாக்டரைப் பார் என்றார்கள். எங்கள் தெரு சோலையம்மாள் மகள் முத்துச்செல்வி அந்த வியாதிக்கே படித்துவிட்டு, தல்லாகுளம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறதே, அங்கே போனேன். அதே தொந்தரவு என்று தெருக்காரர்கள் வெள்ளைத்துரையும் முத்துப்பாண்டியும் கூட வந்தார்கள்.

"வாங்க பெரியப்பா" என்று உட்கார வைத்து எல்லாம் கேட்டது. அப்புறம், "ஒருக்களிச்சுப் படுங்க, பின்பக்கமா விரல் விட்டுத் தொட்டுப் பாக்கணும்" என்றது. வேட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். என்னைப் பார்த்து மற்ற இருவரும் எழுந்து வந்துவிட்டார்கள். அது பிறந்தபோது கையில் வாங்கியவன் நான், தம்பி.

ராமக்காளிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. திண்டுக்கல் வரைக்கும் அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டியவன், இதையும் சமாளிப்பேன். யாரிடமும் மூச்சு விடாதே.

உன் அண்ணன்
மருது

விளாங்குடி
27.1.2025

அன்புள்ள மருது அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் வந்த கோபத்தில் எழுதினால் மரியாதை கெட்டுவிடும் என்று ஆறப் போட்டு எழுதுகிறேன்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது எந்த ஊர் வைத்தியம்? அன்றைக்கு அடக்கினால் திண்டுக்கல் ஸ்டாண்டு வந்துவிடும். இன்றைக்கு அடக்கிக்கொண்டு எங்கே போய் வண்டியை நிறுத்துவீர்கள்?

இன்னொன்று. அந்தப் பெண்ணுக்கு மருத்துவ சீட் கிடைத்தபோது தெருமுனையில் பிளெக்ஸ் வைத்தவர் யார்? அதிலும் அவள் படத்தைவிட உங்கள் படம்தான் பெரிது! களையெடுக்கப் போகிற சோலையம்மாளின் மகள் டாக்டராகப் போகிறாள் என்று நம் பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தீர்கள். இப்போது நீங்கள் எழுந்ததும் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். நாளைக்கு உங்கள் ஊரில் எவன் அவளிடம் போவான்? உடம்பும் கெட்டு, அவள் பெயரும் கெட வேண்டுமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்புடன்
சீதாராமன்

வாடிப்பட்டி
3.2.2025

தம்பி சீதாராமனுக்கு,

சொல்வது சுலபம். உனக்கு அது யாரோ ஒரு டாக்டர். எனக்கு மகள் முறை. அது முன்னால் நான் எப்படி வேட்டியை அவிழ்ப்பேன்?

கூச்சம் மட்டும் என்று நினைக்காதே. பயமாகவும் இருக்கிறது. என் கூடப்பிறந்த அண்ணன் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவே இல்லை. தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன். இனி இதைப் பற்றி எழுதாதே. பொங்கலுக்குப் போட்ட கரும்பு நன்றாக விளைந்தது.

மருது

விளாங்குடி
12.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். சரியென்று நேரே போய்விட்டேன். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது, ஒரு தடவை பார்த்தால் என்ன என்று பத்மாசினி எங்கள் வீட்டுச் சௌராஷ்டிர பாஷையிலேயே திட்டி அனுப்பினாள்.

முத்துச்செல்வியிடம்தான் போனேன். கூச்சமாக இருந்ததா என்றால், இருந்தது. காதெல்லாம் சுட்டது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். எது செய்தாலும் முதலில் சொல்லிவிட்டுத்தான் செய்தாள். "இப்ப சில்லுன்னு இருக்கும்." "இப்ப ஒண்ணுக்கு வர்ற மாதிரி தோணும், வராது." நான் கூச்சப்பட்டு முடிப்பதற்குள் அவள் கையுறையைக் கழற்றிவிட்டாள். எனக்கு வயசுக்கு வருகிற வீக்கம்தானாம், மாத்திரை கொடுத்திருக்கிறாள். இவ்வளவு பதவிசான கையை நான் பார்த்ததில்லை.

உங்களுடைய கண்டக்டர் என்று சொன்னேன். ஏன் ஓடிப்போனார் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். "பெரியப்பா தண்ணி ஒழுங்கா குடிக்கிறாரா மாமா?" என்று கேட்டாள். அம்புட்டுத்தான். பிறகு, "ஏங்கிட்டக் காட்டக் கூச்சமா இருந்தா கூட இருக்கிற ஆம்பள டாக்டரப் பாக்கச் சொல்றேன். வந்தாப் போதும்" என்றாள்.

அண்ணே, நீங்கள் வைத்த பிளெக்ஸ் போதாது. அந்தப் பெண்ணுக்கு இன்னும் பெரிதாக வைத்திருக்க வேண்டும்.

அன்புடன்
சீதாராமன்

வாடிப்பட்டி
17.3.2025

என் தம்பி சீதாராமனுக்கு,

உன் கடுதாசியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மறுநாளே கிளம்பிப் போனேன்.

ஆண் டாக்டர் ஒருவர் தயாராகத்தான் இருந்தார், தங்கமான மனிதர். நான் முத்துச்செல்வியைப் பார்த்து, "நீயே பாரு தாயி" என்றேன். அது கையுறையைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் திரும்பியே நின்றது. நீ எழுதியபடியேதான் நடந்தது. எனக்குக் காது கேட்காது என்பதால் ஒவ்வொன்றையும் குனிந்து காதருகே சொன்னது, வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கேட்காமல்.

சுரப்பியில் ஓரிடத்தில் கெட்டியாகத் தட்டுப்பட்டதாம். ஸ்கேன் எடுத்து, மரத்துப்போக ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுதான் தம்பி. ஆனால் ஆரம்பம், சுரப்பியைத் தாண்டவில்லை. அறுத்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். இன்னும் ஒரு வருஷம் தண்ணீர் குடிக்காமல் சமாளித்திருந்தால் எங்கே போய் நின்றிருப்பேனோ. ராமக்காளிடம் முத்துச்செல்வியே கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. அழுதாள். பிறகு, பொய் சொன்னதற்கு என்னை ஒரு பிடி பிடித்தாள்.

அடுத்த வாரம் ஆபரேஷன். அங்கே இருக்கிற பெரிய டாக்டர் செய்வார், முத்துச்செல்வி கூட நிற்கும். வருகிறேன் என்று அலையாதே, வீட்டுக்கு வந்த பிறகு வா.

நேற்று வெள்ளைத்துரையும் முத்துப்பாண்டியும் பார்க்க வந்தார்கள். டீயைக் குடித்துவிட்டு வெயிலைப் பேசினார்கள், மழையைப் பேசினார்கள். கிளம்பும்போது வெள்ளைத்துரை என் காதுப் பக்கம் வந்து, "அண்ணே, அந்தப் புள்ள எந்தக் கெழமை இருக்கும்?" என்றான்.

"செவ்வாயும் வெள்ளியும். புள்ளன்னு சொல்லாதடா, டாக்டர்னு சொல்லு" என்றேன்.

உன் அண்ணன்
மருது