சூரைத் தூண்டில் நூலுக்குப் போட்ட கஞ்சி

திருப்பதியில் என் மகன் குடியிருக்கும் மாடிக்குக் கீழே ஓர் இஸ்திரிக் கடை இருக்கிறது. கடைக்காரர் காலையில் அண்டா நிறையக் கஞ்சி காய்ச்சி, வெள்ளை வேட்டிகளை அதில் முக்கி எடுப்பார். மீந்த கஞ்சி மத்தியானத்துக்குள் புளித்துவிடும். அந்த வாசனை மாடிப்படி ஏறி என் கட்டில் வரைக்கும் வரும். வீட்டில் மற்றவர்கள் ஜன்னலைச் சாத்துகிறார்கள். நான் சாத்தச் சொல்வதில்லை. அந்த வாசனை வந்தால் நீ நினைவுக்கு வருவாய், அவ்வளவுதான். அழுகை ஒன்றும் வருவதில்லை.

எனக்கு எழுத்து வராது. உனக்கும் வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். படித்தவள், என் பேச்சை நேராக்கித்தான் எழுதுவாள். நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிறது. தடாப் பக்கம் போய் வந்த ஒருவர் சொல்லித்தான் சேதியே எனக்குத் தெரிந்தது. நீ இருந்தவரைக்கும் இந்த விஷயத்தை என்னைப் பேசவிட்டதில்லை. "வுடுப்பா, ஆன கதை" என்று எழுந்து போய்விடுவாய். இப்போது எழுந்து போக நீ இல்லை. அதனால் முழுக்கச் சொல்கிறேன்.

நீ முதல் தடவை நகரிக்கு வந்தது, ஆந்திரா தனி ராஜ்யம் ஆன மறு வருஷம். எங்கள் தெருவில் பாவு காய்ந்துகொண்டிருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக் காயவைப்போமே, அது. கறுத்த குட்டையான ஆள் ஒருவன் தோளில் துணிப்பையோடு அந்தப் பாவுக்குக் கீழே குனிந்து நுழைந்து, நேராக என் வாசலுக்கு வந்தான்.

"சூரைக்கு நூலு வேணும். முறுக்கித் தருவீங்களா?"

என் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "சூரைன்னா இன்னாது? பொடவையா?"

"மீனும்மா. நல்லா வளந்துதுன்னா உன் ஊட்டுக்காரர் ஒசரத்துல பாதி இருக்கும்."

எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டேன். "தடாவுக்குக் கெழக்க, ஏரியத் தாண்டிக் குப்பம். தடாவுல ஆந்திரா, சத்தியவேட்டுல மெட்ராஸு, இங்க வந்தா மறுபடி ஆந்திரா. ஒரே நாள்ல ரெண்டு தபா ராஜ்யம் மாறிட்டேன், பசி மட்டும் மாறல. துன்ன எதுனா கீதா?" என்றாய். சிரிக்காமல் சொன்னாய். என் மனைவி சிரித்துக்கொண்டே சோறு போட்டாள்.

பட்டணத்துக் கடையில் வாங்கிய தூண்டில் நூல் இரண்டு வருஷமாக உன்னை ஏமாற்றியிருந்தது. எந்தப் பருத்தி, எத்தனை புரி, யார் முறுக்கினார்கள், ஒன்றும் தெரியாது. கண்ணுக்கு முன்னால் முறுக்கிய நூல்தான் வேண்டும் என்று, நூல் விளையாடும் ஊரைத் தேடி வந்திருந்தாய்.

நீ சாமான் பொறுக்கிய விதம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. தூண்டில் முட்களை மெழுகுத் துணியில் சுற்றி வைத்திருந்தாய். ஒவ்வொன்றின் முனையையும் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்தாய். வழுக்கியது ஒரு பக்கம், நகத்தைக் கீறிக்கொண்டு நின்றது ஒரு பக்கம். நின்றவற்றைப் பல்லில் கடித்து வளைத்துப் பார்த்தாய். பட்டென்று முறிகிற இரும்பும் ஆகாது, நிமிர்ந்து கொடுக்கிற இரும்பும் ஆகாது. பத்தில் நான்கு தேறின. மற்ற ஆறையும் துணியில் மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தாய். "இதெல்லாம் சின்ன மீனு, கெழங்காவுக்கு ஆவும்."

"இரை இன்னா வெப்பே?" என்று கேட்டேன்.

"சூரைக்கு இரை வேணாம், மினுக்கினா போதும். பாய் வலிச்சிக் கட்டுமரம் ஓடிக்கினே இருக்கும், பின்னாடியே தொரத்திக்கினு வந்து கடிக்கும். நாங்க கோழி எறகு கட்டுவோம்."

என் மனைவி தறிக்குழியில் கிடந்த சரிகைத் துண்டுகளைப் பொறுக்கி வந்து உன் முன்னால் போட்டாள். "இத்தக் கட்டிப் பாரு. கல்யாணத்துக்கு வர்ற பொம்பளைங்க மாதிரி வந்து வுழும்." அந்த வருஷம் அப்படியே விழுந்தது என்று பிறகு வந்து சொன்னாய்.

நூல் விஷயத்தில்தான் நீ பொல்லாதவன். காய்ந்த நூலை நீ நம்பியதே இல்லை. ஒரு முழம் அறுத்து நாக்கில் வைத்து நனைத்து, பிறகு கால் பெருவிரலில் மாட்டி இழுப்பாய். "கடல்ல எது காஞ்சி கெடக்குது?" என்பாய். நல்ல பருத்தி நனைந்தால் இன்னும் இறுகும். பிறந்ததிலிருந்து நூலோடு கிடக்கும் எனக்கு அது உன் பெருவிரலைப் பார்த்துத்தான் தெரிந்தது. மூன்று புரி சேர்த்து முறுக்கி, தெரு நீளத்துக்கு நீட்டி, முனையில் கல்லைத் தொங்கவிடுவோம். கல் சுழன்று சுழன்று அதிக முறுக்கை இறக்கி ஒரு நிலைக்கு வந்து நிற்கும். அதை நீ எடுத்துப்போய்க் கருவேலம்பட்டைச் சாற்றில் போட்டுக் காய்ச்சுவாய். சாறு உள்ளே ஏறினால் உப்புத் தண்ணீரில் நூல் மக்காது.

இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. மூன்றாம் வருஷம் எனக்கு வந்த நூல்கட்டு சரியில்லை. இழை நீளமில்லாத கட்டைப் பஞ்சு. முறுக்கினால் நிற்கவில்லை, பிசிறு பிசிறாக எழும்பியது. தெருவில் நீட்டியபோது எதிர் வீட்டுக்காரன், "இன்னாய்யா, ஆட்டு வால முறுக்கி வெச்சிக்கீறே?" என்று கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பாவுக்குச் செய்வதையே அதற்கும் செய்தேன். நல்ல கெட்டிக் கஞ்சி காய்ச்சி, நார்ப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழ்வரை நீவிவிட்டேன். காய்ந்ததும் பிசிறெல்லாம் படிந்து, கம்பிபோல மின்னியது.

"வேணாம்யா. அந்தாளு கேட்டா இன்னா சொல்லுவே?" என்றாள் மனைவி.

"அவன் எங்க கேக்கப் போறான்? நக்கித்தானே பாப்பான். நக்கினா தெரிஞ்சிக்கினு திட்டிட்டுப் போவட்டும்."

நீ வந்த அன்று பல்வலி. கன்னம் வீங்கி, வாய் நிறைய வெற்றிலையையும் கிராம்பையும் அடக்கி வைத்திருந்தாய். நாக்கில் எதையும் வைக்க முடியவில்லை. நூலைக் கையில் தடவிப் பார்த்துவிட்டு, வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு, என்னைக் கேட்டாய். "கஞ்சி கிஞ்சி போட்டுக்கீறியா?"

எதிர் வீட்டுக்காரன் நின்றுகொண்டிருந்தான். தெருவே நின்றுகொண்டிருந்தது. "கஞ்சியா? சூரை நூலுக்கா? நான் இன்னா கொழந்தையா?" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுச் சுருட்டிப் பைக்குள் வைத்தாய்.

இரண்டு மாதம் கழித்து வலது கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தாய். கூட உன் மனைவியின் தம்பி. திண்டு திண்டான தோள், கோபக்காரன். அவன்தான் நடந்ததைச் சொன்னான். கரை மறையும் தூரத்தில் பெரிய சூரை ஒன்று கடித்திருக்கிறது. நூலை விட்டுக்கொண்டே இருந்த உன் கையில் சுருக்கு விழுந்து, மீன் கீழே இறங்கிய வேகத்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அவன் கத்தியால் நூலை அறுத்துவிட்டதால் உயிர் தப்பியிருக்கிறது. நூல், முள், சரிகை எல்லாம் மீனோடு போயிற்று.

எனக்குக் கேட்கும்போதே புரிந்துவிட்டது. பட்டைச் சாற்றின் சூட்டிலும் மிஞ்சியிருந்த கஞ்சி, கடலில் ஊறி ஊறிக் கரைந்திருக்கிறது. அது பிடித்து வைத்திருந்த முறுக்கு தளர்ந்து, நூல் தன்னாலே சுருண்டிருக்கிறது. பட்டைச் சாறும் கஞ்சியைத் தாண்டி உள்ளே ஏறியிருக்காது.

நீ விரலைப் பற்றிப் பேசவில்லை. "தப்பு நூல்லயா, என் கையிலயா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்" என்றாய்.

உன் மச்சான் இடையில் புகுந்தான். "எங்க மாமா நூலு தொவண்டுச்சின்றாரு. குப்பத்துல யாரும் நம்பல. கை தூங்கிப்போச்சி, அதான் சுருக்கு வுழுந்தது தெரியலன்றாங்க. ஒரு கட்டுமரத்துல நாலு உசுரு கீது. கை தூங்குற ஆள எப்படி ஏத்துறது?"

நூலில் தப்பு என்றால் நீ மறுபடி கடலுக்குப் போவாய். உன் கையில் தப்பு என்றால் அதோடு முடிந்தது, கரையில் உட்கார்ந்து வலை பின்னலாம். இவ்வளவும் என் ஒரு வார்த்தையில் நின்றது. எதிர் வீட்டுக்காரன் அன்றும் வாசலில்தான் இருந்தான். "நூல்ல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அப்போ காணிப்பாக்கம் வந்து சொல்லு" என்றான் உன் மச்சான்.

நம் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சொன்னால், எந்த ஊர்க்காரனும் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். வருகிறேன் என்றேன். நான் கிளம்பும்போது மனைவி, "அங்க கீறது பிள்ளையாரு. நான் இல்ல, மூடி மறைக்கிறதுக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் எல்லாரும் எல்லையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று ஆளுக்கொரு கணக்கு. கங்காதர நெல்லூரில் ஏறிய பெரியவர் நம் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "ஏம் அன்னா, பிரமாணமா?" என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். "தெலுங்கிலயா, உங்க அரவத் தமிழிலயா?" என்றார். "எதுல பொய் சொல்ல வருமோ அத்த வுட்டுட்டு இன்னொண்ணுல" என்றான் உன் மச்சான். பஸ்ஸே சிரித்தது. நீயும் சிரித்தாய். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தியத்துக்குப் போகிறவன் புதுத் துணி கட்ட வேண்டும் என்று, என் தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த வேட்டியைக் கட்டியிருந்தேன். தறிக் கஞ்சி போகாத வேட்டி, பலகைபோல நிற்கும். குளத்தில் இறங்கினேன். முதல் முழுக்கில் அது உப்பிக்கொண்டு மேலே வந்தது. இரண்டாவதில் வழவழத்தது. மூன்றாவதில் துவண்டு என் இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. என்னைச் சுற்றித் தண்ணீர் வெளுத்திருந்தது. நீ படியில் உட்கார்ந்து அந்த வெளுத்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அடுத்த படியில் கால் வைக்கப் பார்த்தேன். வேட்டி தடுக்கிற்று.

"போட்டேன்பா. கஞ்சி போட்டேன். நீ கேட்டப்போ இல்லன்னு சொன்னேன்."

நீ, "அப்போ என் கை தூங்கல?" என்றாய்.

"தூங்கல."

மிச்சமிருந்த மூன்று விரலையும் மடக்கி விரித்துப் பார்த்தாய். உன் மச்சான் அடிப்பான் என்று நினைத்தேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். "இங்க சொல்லி இன்னா பிரயோஜனம்? பிள்ளையாருக்கு முன்னாடியே தெரியும். குப்பத்துக்குத்தான் தெரியாது. அங்க வந்து சொல்லு."

வந்தேன். ஏரியைப் படகில் தாண்டி, மணலில் நடந்து போனபோது, வலை உலர்த்தும் இடத்தில் உங்கள் ஆட்கள் கூடி நின்றார்கள். போட்டேன், கேட்டார், மறைத்தேன் என்று மூன்று பேச்சில் சொல்லி முடித்தேன். "மீனுக்குப் பொடவ கட்டி அனுப்பிக்கீறாருப்பா" என்று ஒருவர் சொன்னார். யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. உன் மனைவி முன்னால் வந்து நின்றாள். "எங்க ஆளு கேட்டாரா, இல்ல கேக்காமலே வாங்கினாரா?"

"ரெண்டு தரம் கேட்டாரும்மா. ஒரு தரம் நூலு வாங்கும்போது, ஒரு தரம் வெரலு போன பொறவு."

அவள் உள்ளே போய் எனக்குச் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ கட்டுமரத்தில் ஏறலாம் என்று அங்கேயே முடிவாயிற்று. புது நூல் யாரிடம் வாங்குவது என்று பேச்சு வந்தபோது, நீ என்னைக் காட்டினாய்.

"புத்தி கெட்டுப்போச்சா மாமா?" என்றான் உன் மச்சான்.

"பட்டணத்துக் கடைக்காரன் நூல்ல இன்னா போட்டான்னு இன்னி வரிக்கும் எனக்குத் தெரியாது. இவரு இன்னா போடுவாருன்னு தெரிஞ்சிக்கினேன்" என்றாய்.

அடுத்த வருஷத்திலிருந்து என் வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வைத்தேன். முறுக்கிய நூலை ராத்திரி முழுக்க அதில் ஊறப் போட்டு, விடிந்ததும் எடுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நீ கிளம்புவாய். எல்லை முடிவாகி, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்து, திருத்தணி அந்தப் பக்கம் போனது. "பஸ்ஸு இப்போ சப்புன்னு கீது, ராஜ்யமே மாற மாட்டேங்குது" என்று குறைப்பட்டாய். பிறகு நைலான் வந்தது. அதையும் நீயேதான் கொண்டுவந்து காட்டி, இனி உன் நூல் வேண்டாம் என்று என் வாசலிலேயே சொன்னாய். நானும் சரி என்றேன்.

அதற்குப் பிறகு நான் பொய்யே சொல்லவில்லை என்று மருமகளை எழுதச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். சொல்லியிருக்கிறேன். ஆபீஸ்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன், மனைவியிடம் சொல்லியிருக்கிறேன், டாக்டரிடம் நேற்றுக்கூடச் சொன்னேன். நூல் விஷயத்தில் மட்டும் சொன்னதில்லை. தறி இருந்த கடைசி நாள் வரைக்கும், யார் வந்து துணியை எடுத்தாலும், அதில் எங்கே குறை இருக்கிறது என்று அவர்கள் கேட்கும் முன்னால் நானே விரல் வைத்துக் காட்டிவிடுவேன். பாதிப் பேர் அங்கேயே துணியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நீ மட்டும் எல்லாம் தெரிந்த பிறகும் என்னிடமே வாங்கினாய்.